தரகும் தருமமும்

வணிக அறம் பேசிய பழைய நூல்கள் பெரும்பாலும் விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன் என்னும் இருவரையே எண்ணிப் பேசின. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகனை நோக்கியது. பிறர் பொருளைத் தன் பொருளாக மதிக்கும்படி அது அவனிடம் கேட்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும் இடத்தில் மிகுத்துக் கொள்ளாமலும் கொடுக்கும் இடத்தில் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தனர் என்று போற்றுகிறது. துலாக்கோலைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சொல்லப்பட்ட அறம் இது. ஆனால் பொருளும் தனதன்று, பணமும் தனதன்று, இடையில் நின்று பேசும் பேச்சு மட்டுமே தனது என்ற நிலையில் பிழைக்கின்றவன் ஒருவன் உண்டு. அவனே தரகன். அவன் கையில் துலாக்கோல் இல்லை. அவனுக்குரிய அறத்தை எதைக்கொண்டு நிறுப்பது?

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் விலை பேசிய முறை பலரும் அறிந்ததே. கைகளின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அதன் அடியில் விரல்களைப் பற்றி விலையைக் குறிப்பர். சுற்றி நிற்பவர் காதில் ஒரு சொல்லும் விழாது. விற்பவனிடம் பிடித்த விரல் எத்தனை, வாங்குபவனிடம் பிடித்த விரல் எத்தனை என்பது தரகருக்கே வெளிச்சம். ஆயினும் மாடு வாங்க வந்தவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்; நடக்கவிட்டுப் பார்க்கலாம்; சுழியைப் பார்க்கலாம். துண்டின் அடியில் மறைந்தது விலை மட்டுமே. பொருள் வெயிலில் நின்றது. வீட்டுக் கடன் என்னும் பொருளுக்குப் பல்லுமில்லை, சுழியுமில்லை. பல பக்க ஒப்பந்தமாக, வழக்கறிஞரின் மேசைமேல், கையெழுத்திட வேண்டிய இடங்களில் சிறு வண்ணத்தாள் ஒட்டப்பட்டு அது கிடக்கிறது. இங்கே பொருளே துண்டின் அடியில் இருக்கிறது. அதனை எடுத்துக் காட்டக்கூடியவர் தரகர் ஒருவர்தான்.

மலேசியாவில் வீடு வாங்க எண்ணும் குடும்பம் முதலில் சந்திப்பது வீட்டைக் காட்டும் முகவரை. அவரே வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்யும் மற்றொருவரை அறிமுகப்படுத்துவார். சில வேளைகளில் இரண்டு பணியையும் ஒருவரே பார்ப்பதும் உண்டு. வீடு விற்றுத் தரும் முகவருக்கு 1981ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. பதிவு பெற்றவரே அத்தொழிலைச் செய்யலாம் என்பதும், கட்டணம் விற்பனை விலையில் 3 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பதும் விதி. அந்தக் கட்டணத்தைப் பொதுவாக விற்பவரே தருகிறார். கடன் வாங்கித் தருபவருக்கோ, கடன் கைக்கு வந்தபின் வங்கி ஒரு தொகை தருகிறது. ஆக, இவர்கள் இருவரையும் நம்பி, வருமானக் கணக்கை எல்லாம் திறந்து காட்டுகிற அந்தக் குடும்பம் இவர்களுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. "உங்களுக்குச் செலவே இல்லை, அண்ணே" என்று தரகர் சொல்வது பொய்யன்று. செலவு இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை என்பதுதான் சொல்லப்படாமல் நின்றுவிடுகிறது. சம்பளம் கொடுப்பவர் வேறொருவராக இருக்கும்போது அவர் யாருடைய ஆள்?

சிங்கப்பூர் இந்த வினாவின் ஒரு பகுதிக்குச் சட்டத்தால் விடை கண்டது. அங்கே 2010ஆம் ஆண்டில் வந்த சொத்து முகவர் சட்டத்தின்கீழ், ஒரே பேரத்தில் ஒரே முகவர் விற்பவர் சார்பிலும் வாங்குபவர் சார்பிலும் நிற்கலாகாது. ஒரு கையால் இரு விரல் பிடிக்கும் பழக்கம் அத்துடன் தடுக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆயினும் வாங்குபவருக்கென்றே அமர்ந்த முகவருக்கும், வாங்கினால்தான் வரும்படி என்னும் நிலை மாறவில்லை. "வாங்க வேண்டாம்" என்று சொன்ன நாளில் அவர் வீட்டில் அடுப்பெரிவது யார் செலவில்? சட்டம் அங்கே போய்ச் சேரவில்லை. சேரவும் முடியாது.

சொல்லாமல் விடப்படுவது எத்தகையது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவது நல்லது. மூன்று இலட்சம் வெள்ளி வீடு ஒன்றுக்கு 90 விழுக்காடு, அதாவது 2,70,000 வெள்ளி கடன் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. இருபத்தைந்து ஆண்டுத் தவணையானால் மாதம் ஏறத்தாழ 1,425 வெள்ளி கட்ட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டாக நீட்டினால் 1,195 வெள்ளி போதும். மாதம் 230 வெள்ளி மிச்சம் என்று தரகர் சொல்வார். குடும்பத் தலைவி மனத்திற்குள் மளிகைக் கடையையும் பள்ளிப் பேருந்தையும் கணக்கிட்டுத் தலையசைப்பார். அந்த மிச்சத்தின் விலை, கடன் முடியும்போது கூடுதலாகக் கட்டியிருக்கும் 74,500 வெள்ளி. இதனைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பெரும்பாலான மேசைகளில் கிடைப்பதில்லை. பேங்க் நெகாரா 2013ஆம் ஆண்டு சூலை மாதம் வீட்டுக் கடனின் உச்ச காலத்தை 35 ஆண்டு என்று வரையறுத்தது. அதே மாதத்தில்தான் தனியார் துறை ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்னும் சட்டமும் நடப்புக்கு வந்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. முப்பத்தைந்து வயதில் முழுக் காலத்திற்குக் கடனெடுத்தவர், சம்பளம் நின்றபின்னும் பத்தாண்டு கட்டுகிறார்.

அதே கடனில் முதல் மாதம் கட்டும் 1,195 வெள்ளியில் 900 வெள்ளி வட்டிக்கே போகிறது. ஐந்தாண்டு தவறாமல் கட்டியவர் ஏறத்தாழ 71,700 வெள்ளி கொடுத்திருப்பார். கடனோ 19,600 வெள்ளி அளவே குறைந்திருக்கும். ஐந்தாண்டில் வீட்டை விற்க நேர்ந்தவர், தாம் கட்டியதெல்லாம் வீட்டில் சேர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு வருவார். வங்கிக் கடிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறுவதை இத்தொழிலில் இருப்பவர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். வட்டி மாறும் தன்மையுடையது என்பது இன்னொரு செய்தி. 2020 சூலையில் 1.75 விழுக்காடாக இருந்த பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காடாயிற்று. அந்த 1.25 விழுக்காட்டு ஏற்றம், மேற்சொன்ன அளவுள்ள கடனில் மாதம் இருநூறு வெள்ளிக்குச் சற்றே குறைந்த சுமையாக இறங்கியது. 2020இல் "இதைவிடக் குறைந்த வட்டி இனி வராது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். குறைந்தது ஏறும் என்னும் மறுபாதியைச் சொன்னவர் எத்தனை பேர்?

இந்த வினா எல்லா இனத்தாருக்கும் பொதுவானதே. ஆயினும் இந்நாட்டுத் தமிழரிடையே இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு லயத்து வீடு இருந்தது; ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஐரோப்பியர் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கியபோது, தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடர் வந்தது. தோட்டங்கள் கைமாறிக் கூறுபோடப்பட்டபோது, அந்தக் கூறுகளின்மேல் குடியிருந்தவர்களை எண்ணிப் பார்த்தவர் இல்லை. அதனைக் கண்டே 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அப்பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கேயும் வாங்கல் விற்றல் நடந்தது, இடையே பேச்சும் நடந்தது. ஆனால் பேசியவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதில் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளிக்கு ஐயம் எழவில்லை.

பின்னர்த் தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகியது. பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. இப்படிப் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறார்கள், தாதியராக இருக்கிறார்கள். பாட்டன் பூட்டன் எவர் பெயரிலும் ஒரு கிராண்டு இருந்ததில்லை. இவர்கள் பெயரில்தான் முதல் கிராண்டு எழுதப்படப் போகிறது. சொந்த வீடு என்னும் சொல்லைக் கேட்டதும் இவர்களின் நெஞ்சு இளகிவிடுவதில் வியப்பில்லை. இளகிய நெஞ்சு கணக்குக் கேட்பதில்லை. இதனைத் தமிழ்த் தரகரைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை. ஏனெனில் அவரும் அந்த லயத்திலிருந்து வந்தவராகவே பெரும்பாலும் இருக்கிறார். "அண்ணே", "அக்கா" என்று அவர் அழைப்பது வேடமன்று. அதனால்தான் அந்த அழைப்பு ஆபத்தானது.

தரகர்கள் தம் பக்கத்து நியாயமாகச் சொல்வன சில உண்டு. அவற்றை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. முதலாவது, கேட்டதற்கெல்லாம் விடை சொன்னோம், எதையும் மறைக்கவில்லை என்பது. வாங்குவோனே விழித்திருக்க வேண்டும் என்னும் பழைய ஆங்கிலச் சட்டக் கருத்தின் நிழல் இதில் விழுகிறது. விழித்திருப்பவனுக்கும் இருட்டில் கண் தெரியாதே! வீட்டுக் கடன் வாங்குவோர் பலர் வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்குகிறார்கள். தரகரோ மாதத்தில் பத்துக் கோப்புகள் பார்க்கிறார். எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாதவரிடம், கேட்டதற்கு விடை சொன்னேன் என்பது நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றின் ஆழத்தை நீ கேட்கவில்லையே என்பதற்கு ஒப்பாகும். அறிந்தவன் ஒருவன், அறியாதவன் ஒருவன் என்னும் உறவு ஏற்பட்டுவிட்டால், கேள்வியும் அறிந்தவனின் பொறுப்பாகி விடுகிறது. மருத்துவரிடம் இதனை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள்.

நான் செய்யாவிட்டால் அடுத்தவன் செய்வான் என்பது மற்றொரு நியாயம். உலகில் எந்தத் தீமைக்கும் பொருந்தும் நியாயம் எதற்கும் நியாயமாகாது, அதனை விட்டுவிடலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவதுதான் தயங்கி நிற்க வைப்பது. "வங்கி கதவைச் சாத்திய குடும்பத்திற்கு வீடு வாங்கிக் கொடுத்தேன். எப்படி வாங்கிக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். இன்று அவர்கள் வீட்டில் விளக்கெரிகிறது" என்பார் ஒரு தரகர். எப்படி என்பது இத்தொழிலில் இரகசியமன்று. வீட்டின் உண்மை விலை 2,70,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் மூன்று இலட்சம் என்று எழுதுவார்கள். அதில் 90 விழுக்காட்டை வங்கி தந்துவிட்டால், முன்பணமே இல்லாமல் வீடு கைக்கு வந்துவிடும். சம்பளம் போதாதவருக்கு இல்லாத மேல்வேலைப் பணத்தைச் சேர்த்துச் சம்பளச் சீட்டு அச்சிடுவோரும் உண்டு. ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்து, ஒரு கடன் கடன்பதிவேட்டில் ஏறி மற்றொரு வங்கியின் கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்தை முடித்துவிடும் தந்திரமும் நடந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னது பேராசை. அதற்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை. முதலிரண்டைப் பற்றித்தான் வழக்கு.

வங்கியின் மறுப்பு எப்போதும் நியாயமானது என்று சொல்ல முடியாது. நாட்கூலியாக, ஒப்பந்தக்காரரிடம், கையில் ரொக்கமாகச் சம்பளம் பெறும் ஒருவர் இருபது ஆண்டாக வாடகை தவறாமல் கட்டியிருப்பார். வங்கியின் படிவத்தில் அந்த நேர்மையை எழுதக் கட்டம் இல்லை. இத்தகையவருக்காகப் பொய்ச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுப்பது பாவமா என்று கேட்கும்போது, கேட்பவரின் இரக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொய் யாருடைய தோளில் ஏறி உட்காருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தரகர் பணம் பெற்றுக்கொண்டு அடுத்த கோப்பிற்குப் போய்விடுகிறார். பொய்யின் கீழே இருக்கும் கையெழுத்து வாங்கியவருடையது. உண்மையான சம்பளம் தவணையைத் தாங்காது என்பதைத்தான் வங்கியின் கணக்கு சொல்லிற்று. பொய்ச் சீட்டு வங்கியின் கண்ணை மூடிற்றே அன்றிச் சம்பளத்தைக் கூட்டவில்லை. தவணை தவறி வீடு ஏலத்திற்குப் போனால், ஏற்றி எழுதிய விலைக்கு அது போவதில்லை. ஏலத் தொகை போக மீதிக் கடன் நிற்கும். வீடும் இல்லை, கடனும் தீரவில்லை என்னும் நிலையில் அந்தக் குடும்பம் நிற்கும்போது, விளக்கெரிகிறது என்று சொன்னவர் அந்தத் தெருவில் இருப்பதில்லை.

இதைவிட வருந்தத்தக்கது, நேர்வழி இருந்தும் அது சொல்லப்படாமற் போவது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளிக்கும் திட்டம் மலேசியாவில் நடைமுறையில் இருக்கிறது. ரொக்க வருமானத்தை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் போட்டு, வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, ஊழியர் சேமநிதியில் தாமாகவே சந்தா கட்டி, ஓராண்டு பொறுத்து விண்ணப்பித்தால் சாத்திய கதவு திறப்பதும் உண்டு. இவ்வளவையும் ஒரு குடும்பத்திற்கு உட்கார்ந்து சொல்லி, ஓராண்டு கழித்து வரச் சொல்லும் தரகர், அந்த ஓராண்டும் அவர்களிடமிருந்து ஒன்றும் பெறப் போவதில்லை. ஓராண்டு கழித்து அவர்கள் வேறொருவரிடம் போய்விடவும் கூடும். பொய்ச் சீட்டோ ஒரு பிற்பகலில் அச்சாகிவிடும். இரக்கத்தின் பெயரால் செய்யப்பட்டது, உண்மையில் பொறுமையின்மையால் செய்யப்பட்டது. அந்தப் பொறுமையின்மை எந்த அளவுக்கு வாங்குபவருடையது, எந்த அளவுக்குத் தரகருடையது என்பதை அவரவர் மனச்சான்றே அறியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொல்லாமல் விடுவது தவறென்றால், தரகரே தீர்ப்புக் கூறிவிடுவதும் தவறே. "உங்களால் கட்ட முடியாது, அண்ணே, வாடகை வீட்டிலேயே இருந்துவிடுங்கள்" என்று ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்புவோர் உண்டு. சட்டையைப் பார்த்துச் சொல்கிறார்களா, கணக்கைப் பார்த்துச் சொல்கிறார்களா என்பது கேள்வி. தோட்டத்தில் கிராணி ஒருவர் எல்லாருக்கும் எது நல்லது என்று முடிவு செய்துகொண்டிருந்த காலம் போய்விட்டது. மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே, ஐந்தாண்டு நெருக்கடியைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள ஒரு தாய் துணியலாம். அவர் துணிவு அவருடையது. அந்தத் துணிவுக்கு முன்னால் 74,500 வெள்ளியையும், ஏறக்கூடிய வட்டியையும், ஓய்வு வயதையும் எடுத்து வைப்பதுவரைதான் தரகரின் பங்கு. அவற்றை வைக்காமல் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. வைத்தபின் பிறந்த சம்மதத்தை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

விற்பவர் பக்கத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. விற்பவரிடம் கட்டணம் பெறும் முகவர், விற்பவரின் ஆளாகத்தானே இருக்க வேண்டும்? மூன்று இலட்சத்து இருபதாயிரம் வெள்ளி பெறக்கூடிய வீட்டை, விரைவில் முடித்துவிடும் அவசரத்தில் மூன்று இலட்சத்திற்குக் கொடுத்துவிடும்படி அவர் சொன்னால், விற்பவருக்கு இழப்பு இருபதாயிரம். முகவருக்கோ, உச்சக் கட்டணமான 3 விழுக்காட்டில் கணக்கிட்டாலும், அறுநூறு வெள்ளிதான் குறையும். அந்த அறுநூறுக்காக இன்னும் இரண்டு மாதம் ஆட்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டிக்கொண்டிருப்பதைவிட, அடுத்த வீட்டிற்குப் போவதே அவருக்கு இலாபம். இருவர் நலமும் ஒன்றே என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இருபதாயிரமும் அறுநூறும் ஒன்றாகுமா? வாங்கி மூன்றாண்டிற்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியாகப் போகும், ஆறாம் ஆண்டில் குடிமகனுக்கு அவ்வரியே இல்லை என்பதைக்கூட வழக்கறிஞரின் அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுவோர் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வேர், அறிவுரைக்குத் தனி விலை இல்லாமையே என்று சொல்லத் தோன்றுகிறது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இன்ன தொகை என்று வைத்துக்கொண்டு, கணக்கைப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் ஊதியம் பெறும் ஒருவர் இருந்தால், அவர் வாயில் "வேண்டாம்" என்னும் சொல் எளிதாக வரும். நடைமுறையில் அதற்கு மக்கள் ஒப்புவதில்லை. புதுமனை புகுவதற்கு நாள் குறித்தவருக்குத் தட்சிணை கொடுக்கிறோம். வாசல் எந்தத் திசை என்று பார்த்துச் சொன்னவருக்குக் கொடுக்கிறோம். அந்த வாசலுக்கு முப்பத்தைந்து ஆண்டு என்ன விலை என்று கணக்கிட்டுச் சொன்னவருக்குத் தேநீர் மட்டும் கொடுக்கிறோம். பேச்சுக்குப் பணமா என்று கேட்கும் சமுதாயம், பேச்சின் விலையைப் பிறரைக் கொடுக்க வைத்துவிட்டு, அந்தப் பேச்சு தனக்காகவே பேசப்பட்டது என்று நம்புகிறது. தரகரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இதனால் முழு நீதியாகாது.

ஆயினும், விலை மறைந்திருப்பதே மனிதனையும் மறைத்துவிடுகிறது என்று முடிவு கட்டிவிடுவதற்கில்லை. ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். இத்தொழிலில் இது அரிதாக நேர்வதன்று. கணவர் திடீரென இறந்துவிட்டார். வீட்டுக் கடனில் இன்னும் பதினெட்டு ஆண்டு பாக்கி. மனைவிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. அந்தச் சம்பளத்தில் தவணை கட்ட முடியாது. வீட்டை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடுவதென்று உறவினர் கூடி முடிவு செய்து, தரகரை அழைக்கிறார்கள். தரகர் வருகிறார். வீடு முனை வீடு, அகலமான முன்புறம், வாங்க ஆள் காத்திருக்கிறது. விற்றால் ஒரே வாரத்தில் முடியும். விற்பவர் கேட்பதோ ஒரே கேள்வி: "என்ன விலை போகும், தம்பி?" அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று இருக்கிறது. அதனைச் சொல்லி, நேர்மையாகவே நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்து, நேர்மையாகவே கட்டணம் பெற்றுக்கொண்டு போகலாம். எந்தச் சட்டமும் அவரைத் தடுக்காது. அந்த அம்மையாரும் கைகூப்பி நன்றி சொல்வார்.

மலேசியாவில் வீட்டுக் கடனோடு பெரும்பாலும் ஒரு காப்புறுதியும் சேர்த்து எடுக்கப்படுகிறது. கடன் குறையக் குறைய அதன் தொகையும் குறைந்துகொண்டே வரும். கடனாளி இறந்தால் மீதிக் கடனை அது அடைக்கும். அதன் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடுவதால், கட்டியது எவருக்கும் நினைவிருப்பதில்லை. பத்திரம் வங்கிக் கோப்பிலோ, பீரோவின் அடித்தட்டில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்கு நடுவிலோ கிடக்கும். சாவு வீட்டில் அதனை நினைப்பவர் யார்? இடையில் வட்டி ஏறியிருந்தால் முழுக் கடனும் அடையாமல் ஒரு சிறு பகுதி நிற்கவும் கூடும். அதற்கும் வழி பார்க்கலாம். ஆனால் முதலில் ஒருவர் கேட்க வேண்டும்.

"அக்கா, கடன் எடுத்தபோது காப்புறுதி போட்டாரா?" என்று கேட்கிறார் தரகர். அம்மையாருக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கச் சொல்கிறார். அன்று கிடைக்கவில்லை. மறுநாள் தாமே வந்து வங்கிக்கு அழைத்துச் செல்கிறார். இறப்புப் பத்திரத்திற்கு எத்தனை நகல் வேண்டும், எந்த முகப்பில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறார். படிவத்தை நிரப்பித் தருகிறார். காப்புறுதி இருக்கிறது. விண்ணப்பம் போகிறது. சில மாதங்களுக்குப் பின் கடன் அடைந்துவிட்டதாகக் கடிதம் வருகிறது. அம்மையார் வீட்டை விற்கவில்லை. வாங்கக் காத்திருந்தவர் அடுத்த தாமானில் வேறொரு முகவர் மூலம் வீடு வாங்கிக்கொண்டார். அந்த மாதத் தரகுக் கணக்கில் முனை வீட்டின் பெயர் ஏறவில்லை. இரண்டு நாள் பெட்ரோலும், வங்கி வாசலில் வண்டி நிறுத்தியதற்கான சீட்டும் தரகரின் செலவில் நின்றன. அவர் இழந்தது எவ்வளவு என்று அந்த அம்மையாருக்கு இன்றுவரை தெரியாது.